மூச்சைக் கவனித்தால் கவனம் கூடுமா?

கவனம் ஓரிடத்தில் நிலைக்காமல் அல்லற்படுகிறவரைப் பார்த்து, "கண்ணை மூடி உட்கார்ந்து உங்கள் மூச்சைக் கவனியுங்கள்" என்று சொல்வது, கால் சுளுக்கியவரை ஓடிப் பழகச் சொல்வது போலத்தான் முதலில் தோன்றும். ஆயினும், கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு என்று மருத்துவர்கள் அழைப்பதும் சுருக்கமாக ஏ.டி.எச்.டி. எனப்படுவதுமான குறைபாட்டுக்கு இந்த யோசனையே இன்று பல இடங்களிலிருந்தும் கிடைக்கிறது. செய்தித்தாள் இணைப்பிதழ்கள், கைப்பேசிச் செயலிகள், பயிற்சி வகுப்புகள் எல்லாம் இதைச் சொல்கின்றன. மருந்தில்லாமலே கவனத்தைப் பெருக்கலாம் என்ற விளம்பரத்தைப் படித்த பெற்றோர் ஒருவர், மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டுப் பிள்ளையைத் தியான வகுப்பில் சேர்த்தால் அவரை நாம் குறை கூற முடியாது. அவருக்குக் கிடைத்த செய்தி அப்படி. அந்தச் செய்தி எந்த அளவுக்கு உண்மை என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இத்துறையில் அதிகம் பேசப்படும் நூல் ஒன்று உண்டு. லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் இந்த ஆய்வைத் தொடங்கிய மனநல மருத்துவர் லிடியா சைலோவ்ஸ்கா 2012-இல் வெளியிட்டது. 'தி மைண்ட்ஃபுல்னெஸ் பிரிஸ்கிரிப்ஷன் ஃபார் அடல்ட் ஏ.டி.எச்.டி.' என்பது அதன் பெயர். 'பிரிஸ்கிரிப்ஷன்' என்றால் மருத்துவர் எழுதித் தரும் மருந்துச் சீட்டு. அச்சொல்லைத் தலைப்பிலேயே வைத்திருக்கும் நூலை, மருந்துகளுக்கு நாம் வைத்திருக்கும் அளவுகோலாலேயே அளப்பது நியாயம். அந்த நூலையும், அதற்கு அடிப்படையான சோதனையையும், பின்னர் நடந்த சோதனைகளையும் சேர்த்தே இங்கு எடுத்துக்கொள்கிறேன்.

கோளாறும் மருந்தும்

முதலில் கோளாற்றைப் பற்றிச் சில சொற்கள். பாடம் படிக்கும்போது மனம் கிரிக்கெட்டுக்குப் போய்விடுகிறது என்பதால் ஒருவருக்கு ஏ.டி.எச்.டி. இருப்பதாகிவிடாது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட ஐந்தாம் பதிப்புக் கையேட்டில் 18 அறிகுறிகள் தரப்பட்டுள்ளன. ஒன்பது கவனக்குறைவைச் சேர்ந்தவை. ஒன்பது மிகையியக்கத்தையும் பொறுமையின்மையையும் சேர்ந்தவை. இரண்டு பிரிவுகளில் ஒன்றிலாவது குழந்தைகளுக்கு ஆறும், 17 வயதைக் கடந்தவர்களுக்கு ஐந்தும் இருக்க வேண்டும். அவை ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும். 12 வயதுக்கு முன்பே தலைகாட்டியிருக்க வேண்டும். வீடு, பள்ளி, அலுவலகம் என்று இரண்டு சூழல்களிலாவது தெரிய வேண்டும். வாழ்க்கையைப் பாதிக்கவும் வேண்டும். இத்தனை நிபந்தனைகள் இருந்தும், இரண்டு நிமிட வினாத்தாளை நிரப்பிவிட்டுத் தமக்கு இந்நோய் இருப்பதாக முடிவு கட்டும் மாணவர்கள் இன்று பெருகிவிட்டார்கள். நிபந்தனைகள் அனைத்தும் பொருந்தியவர்களோ, சோம்பேறி, அடங்காதவன் என்ற பெயருடன் வகுப்பறையின் கடைசி வரிசையில் அடையாளம் காணப்படாமலே இருந்துவிடுகிறார்கள்.

இது நம் காலத்துக் கைப்பேசி கொண்டுவந்த நோயும் அன்று. லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் 1902-இல் நிகழ்த்திய சொற்பொழிவுகளிலேயே இத்தகைய குழந்தைகளைப் பற்றிப் பேசியிருக்கிறார். மருந்து கிடைத்தது 1937-இல். அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் சார்லஸ் பிராட்லி என்ற மருத்துவர், 30 குழந்தைகளுக்குப் பென்சிட்ரின் என்னும் ஊக்கமருந்தைக் கொடுத்தபோது, அவர்களில் பலர் மேலும் துள்ளாமல் அமைதியாக உட்கார்ந்து பாடம் படிக்கத் தொடங்கினர். அதே குடும்பத்தைச் சேர்ந்த மெத்தில்ஃபெனிடேட் பின்னர் வந்தது. மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளை நரம்பணுக்கள் உடனுக்குடன் திரும்ப உறிஞ்சிக்கொள்வதை இது தடுக்கிறது. மருந்து உட்கொண்ட ஒரு மணி நேரத்துக்குள் வேறுபாட்டைக் காணலாம். இம்மருந்துகள் பசியைக் குறைக்கும், தூக்கத்தைக் கெடுக்கும், சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, சிலருக்குப் பயன் தராது. மருந்தில்லாத வழி ஒன்று இருந்தால் நன்றாயிருக்கும் என்று மக்கள் ஏங்குவதற்கு இதுவே காரணம். அந்த ஏக்கம் நியாயமானது. ஆனால் ஏக்கம் அதிகமாக இருக்கும் இடத்தில்தான் சோதனையும் கடுமையாக இருக்க வேண்டும்.

மனவிழிப்பு என்பது என்ன?

பாலி மொழியில் 'சதி' என்ற சொல்லுக்கு ஈடாக 'மைண்ட்ஃபுல்னெஸ்' என்ற ஆங்கிலச் சொல்லை 1881-இல் ரைஸ் டேவிட்ஸ் என்ற பாலி அறிஞர் பயன்படுத்தினார். நாம் மனவிழிப்பு என்று சொல்லலாம். பௌத்தத் துறவிகளின் பயிற்சியாக இருந்ததை, சமயச் சாயலைக் களைந்து மருத்துவமனைக்குள் கொண்டுவந்தவர் ஜான் கபாட்-சின். 1979-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில், தீராத வலியால் துன்புற்றவர்களுக்காக வகுப்பு ஒன்றை அவர் தொடங்கினார். இன்று நாம் காணும் எட்டு வாரப் பயிற்சிகள் எல்லாவற்றுக்கும் அதுவே மூதாதை.

பயிற்சி எளியது. மூச்சு உள்ளே போவதையும் வெளியே வருவதையும் கவனிக்கிறோம். சற்று நேரத்தில் மனம் வேறெங்கோ போய்விடும். போய்விட்டதை உணர்ந்ததும், நம்மையே திட்டிக்கொள்ளாமல், மறுபடி மூச்சுக்குத் திரும்புகிறோம். மனம் மறுபடியும் போகும், மறுபடியும் திரும்புகிறோம். அவ்வளவுதான்.

கவனமில்லாதவரைக் கவனிக்கச் சொல்வது பொருந்துமா என்று தொடக்கத்தில் எழுந்த ஐயத்துக்கு நூலாசிரியரின் விடை இந்த இடத்தில்தான் இருக்கிறது. மனம் அலையாமல் இருப்பது பயிற்சியின் குறிக்கோள் அன்று. அலைந்ததைக் கண்டுபிடிப்பதே பயிற்சி. வீட்டில் குளிர்ப்பெட்டிக்குப் பக்கத்தில் வைக்கும் ஸ்டெபிலைசரை எண்ணிப் பாருங்கள். வெளியிலிருந்து வரும் மின்னழுத்தம் ஏறி இறங்குவதை அது தடுப்பதில்லை, தடுக்கவும் முடியாது. ஏறினால் ஏறியது என்று உணர்ந்து திருத்துகிறது. பிழையை உணரும் உறுப்பு கூர்மையானால், பிழை நிகழ்வது குறையாவிட்டாலும் அது நீடிக்கும் நேரம் குறையும். கொள்கை அளவில் இதில் குறை காண எனக்கு எதுவுமில்லை.

இன்னொரு பாராட்டும் நூலுக்கு உரியது. ஆசிரியர் தம் வாசகரை அறிந்து எழுதியிருக்கிறார். மற்ற வகுப்புகளில் முக்கால் மணி நேரம் அசையாமல் உட்காரச் சொல்வார்கள். இங்கு ஐந்து நிமிடத்தில் தொடங்கிப் படிப்படியாகப் பதினைந்து நிமிடம்வரை போனால் போதும். உட்கார முடியாதவர் நடந்துகொண்டே செய்யலாம். எட்டுப் படிகளில் முதல் படியே ஐம்புலன்களின் வழியாகச் சுற்றுப்புறத்தைக் கவனிப்பதுதான். சினத்தை ஆள்வது, பிறரோடு பேசும் முறை, அவசரப்படாமல் முடிவெடுப்பது ஆகியவை பிற்பகுதியில் வருகின்றன. மருந்தை எதிர்த்து அவர் பிரசாரம் செய்யவும் இல்லை. அவர் பெயரைச் சொல்லி வகுப்பு நடத்துகிறவர்களுக்கும் அவருக்கும் உள்ள இந்த வேறுபாட்டை நாம் மறந்துவிடக் கூடாது.

முதல் சோதனையும் ஓர் அளவுகோலும்

நூலுக்கு அடிப்படையான சோதனை 2008-இல் வெளியாயிற்று. 24 பெரியவர்களும் 8 வளரிளம் பருவத்தினரும் ஆக 32 பேர் அதில் சேர்ந்தனர். வாரத்துக்கு ஒருமுறை இரண்டரை மணி நேரம் என எட்டு வாரம் வகுப்பு. வீட்டில் அன்றாடப் பயிற்சி. 25 பேர் இறுதிவரை வந்தனர். எதையும் பாதியில் விட்டுவிடுவதே அறிகுறியாக உள்ளவர்களில் இத்தனை பேர் நிலைத்து நின்றது உண்மையிலேயே சிறப்பான செய்தி. முடிவில், தங்கள் அறிகுறிகள் குறைந்திருப்பதாகப் பங்கேற்றவர்கள் தெரிவித்தனர். கவனத்தை அளக்கும் சில தேர்வுகளிலும் முன்னைவிட நன்றாகச் செய்தனர்.

இவ்விடத்தில் வாசகர் ஒன்றைக் கேட்க வேண்டும்: யாரைவிட நன்றாக? ஒப்பிடுவதற்கு மற்றொரு குழு அச்சோதனையில் இல்லை. முன்பு எடுத்த மதிப்பெண்ணும் பின்பு எடுத்த மதிப்பெண்ணும் மட்டுமே உண்டு. அதனால் என்ன குறை என்று நினைப்பவர்கள் ஒரு சிறு சோதனையை வீட்டிலேயே செய்து பார்க்கலாம்.

30 சென்டிமீட்டர் அளவுகோலை நண்பர் ஒருவர் செங்குத்தாகத் தொங்கப் பிடிக்கட்டும். கீழ் முனையில் சுழியக் குறிக்கு நேராக உங்கள் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தொடாமல் வைத்துக்கொள்ளுங்கள். அவர் சொல்லாமல் கைவிட, நீங்கள் பிடிக்க வேண்டும். 20 செ.மீ. குறியில் பிடித்தால், விழுந்த தொலைவை இரட்டித்துப் புவியீர்ப்பு முடுக்கத்தால் வகுத்து வர்க்கமூலம் காணுங்கள்: உங்கள் எதிர்வினை நேரம் சுமார் 0.20 வினாடி. 15 செ.மீ. என்றால் 0.17 வினாடி. முப்பது முறை செய்து எல்லாவற்றையும் எழுதிவையுங்கள். முதல் சில முயற்சிகளைவிடப் பிந்தியவற்றின் சராசரி பெரும்பாலும் குறைந்திருக்கும். நீங்கள் எந்தத் தியானமும் செய்யவில்லை. செய்து செய்து பழகியதுதான் காரணம். இதைப் பழக்கப் பயன் என்பர். 2008 சோதனையில் பயன்பட்ட தேர்வுகளில் ஒன்று, 1935-இல் ஸ்ட்ரூப் என்பவர் வகுத்தது. 'சிவப்பு' என்ற சொல்லை நீல மையில் அச்சிட்டுக் காட்டி, மையின் நிறத்தைச் சொல்லச் சொல்வார்கள். சொல்லைப் படித்துவிடும் உந்துதலை அடக்க வேண்டும். ஒருமுறை செய்தவர் மறுமுறை இதையும் சற்று விரைவாகவே செய்வார்.

அந்த முப்பது எண்களைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அவற்றில் இன்னொன்றும் இருக்கிறது. ஏ.டி.எச்.டி. உள்ளவர்கள் மந்தமானவர்கள் என்பது தவறான எண்ணம். அவர்களுடைய எதிர்வினை நேரங்களில் பெரும்பாலானவை மற்றவர்களுடையவற்றைப் போலவே இருக்கக்கூடும். ஆனால் இடையிடையே ஒன்றிரண்டு மிக நீண்டுவிடும். அதாவது சராசரியைவிடச் சிதறலே அவர்களைக் காட்டிக்கொடுக்கிறது. பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கிடைத்த முடிவு இது. ஆய்வகத்தில் மாணவர்கள் சராசரியை மட்டும் எழுதிவிட்டுத் திட்ட விலக்கத்தை விட்டுவிடும்போது ஆசிரியர்கள் ஏன் சிவப்பு மையைத் தேடுகிறோம் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. மனவிழிப்புப் பயிற்சி உண்மையிலேயே பிழையை உணரும் ஆற்றலைக் கூர்மையாக்குமானால், அந்த நீண்ட நேரங்கள்தான் முதலில் குறைய வேண்டும். வினாத்தாள்களைவிட இந்த அளவுக்கு முதலிடம் தரும் சோதனைகளைப் பார்க்கவே எனக்கு விருப்பம்.

பழக்கப் பயன் மட்டுமன்று. காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போதுதான் மருத்துவரிடம் ஓடுகிறோம். பிறகு எதைக் கொடுத்தாலும் அது இறங்கத்தான் செய்யும். தொல்லை மிகுந்திருக்கும் காலத்தில்தான் மக்கள் இத்தகைய வகுப்புகளிலும் சேருகிறார்கள். மேலும், எட்டு வாரத்தில் இருபது மணி நேரத்தைச் செலவிட்டவர், தன்போன்ற பத்துப்பேரைச் சந்தித்து மனம் விட்டுப் பேசியவர், "பயன் ஒன்றுமில்லை" என்று வினாத்தாளில் எழுத மனம் வருமா? 2008 ஆய்வாளர்கள் இவற்றை அறியாதவர்கள் அல்லர். இப்பயிற்சியை நடத்த முடியுமா என்று பார்க்கும் முன்னோட்டம் என்றே தங்கள் ஆய்வை அவர்கள் அறிவித்தார்கள். முன்னோட்டத்தை முடிவாகப் படித்தவர்கள் மற்றவர்களே.

எதோடு ஒப்பிட்டு?

ஒப்பீட்டுக் குழுவுடன் கூடிய சோதனைகள் பின்னர் வந்தன. அவற்றுள் நன்கு நடத்தப்பட்ட ஒன்று நெதர்லாந்தில் நடந்து 2019-இல் வெளியானது. 120 பெரியவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியினருக்கு வழக்கமான சிகிச்சை. மறு பாதியினருக்கு வழக்கமான சிகிச்சையுடன் மனவிழிப்புப் பயிற்சி. யார் எந்தக் குழு என்று அறியாத மருத்துவர்கள் அறிகுறிகளை மதிப்பிட்டார்கள். அறிகுறிகள் 30 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்தவர்கள், பயிற்சி பெற்றவர்களில் 27 சதவீதம். பெறாதவர்களில் 4 சதவீதம். பலனின் அளவு 0.41.

இந்த 0.41 என்பதற்குப் பொருள் என்ன? இரு குழுக்களின் சராசரிகளுக்கு இடையே உள்ள தொலைவு, திட்ட விலக்கத்தில் 0.41 பங்கு என்பதே. வேறு வகையில் சொன்னால், பயிற்சி பெற்றவர் ஒருவரையும் பெறாதவர் ஒருவரையும் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுத்தால், நூற்றுக்குச் சுமார் 61 தடவை பயிற்சி பெற்றவர் நல்ல நிலையில் இருப்பார். பயிற்சியால் எந்தப் பயனும் இல்லையென்றால் அது 50 ஆக இருந்திருக்கும். எனவே, பயன் இல்லை என்று சொல்ல முடியாது. அற்புதம் என்றும் சொல்ல முடியாது.

மருந்துகளை எடுத்துக்கொள்வோம். 133 சோதனைகளைத் திரட்டி ஆராய்ந்து 2018-இல் வெளியான அறிக்கையின்படி, பெரியவர்களிடம் மெத்தில்ஃபெனிடேட்டின் பலன் 0.49, குழந்தைகளிடம் 0.78. ஆ! 0.41-க்கும் 0.49-க்கும் என்ன பெரிய வேறுபாடு, மாத்திரைக்குப் பதில் மூச்சு போதுமே என்று ஒருவர் சொல்லலாம்; சொல்லியும் வருகிறார்கள். இங்கேதான் தவறு நுழைகிறது.

ஒரு 12 வோல்ட் மின்கலத்தில் ஆறு அறைகள் உண்டு. மின்னழுத்தமானியின் சிவப்புக் கம்பியை நேர்முனையில் வைத்துக் கறுப்புக் கம்பியை எதிர்முனையில் வைத்தால் 12 காட்டும். கறுப்புக் கம்பியை மூன்றாவது அறையின் முடிவில் வைக்க முடிந்தால் 6 தான் காட்டும். நேர்முனை மாறவே இல்லை. எங்கிருந்து அளக்கிறோம் என்பது மாறிவிட்டது. மருந்தின் 0.49, போலி மாத்திரை உட்கொண்டவர்களிடமிருந்து அளக்கப்பட்டது. போலி மாத்திரைக்கும் நம்பிக்கை உண்டு, மருத்துவரின் கவனிப்பு உண்டு, அவற்றால் வரும் ஆறுதலும் உண்டு. அவ்வளவையும் கழித்த பிறகு எஞ்சுவதே 0.49. மனவிழிப்பின் 0.41-ஓ, கூடுதலாக எதையும் பெறாதவர்களிடமிருந்து அளக்கப்பட்டது. குழுவின் துணை, ஆசிரியரின் அக்கறை, புதிதாக ஒன்றைச் செய்கிறோம் என்ற ஊக்கம் எல்லாம் அந்த எண்ணுக்குள்ளேயே இருக்கின்றன. கறுப்புக் கம்பி இரண்டு இடங்களில் இருக்க, இரண்டு அளவுகளைப் பக்கத்தில் வைத்துப் பேசுவது பொருந்தாது.

கறுப்புக் கம்பியைச் சரியான இடத்தில் வைத்த சோதனை ஒன்று ஜெர்மனியில் நடந்து 2018-இல் வெளியாயிற்று. என் மதிப்பில் இத்துறையிலேயே மிகவும் பயனுள்ள சோதனை அதுதான். ஆனால் விளம்பரங்களில் அதன் பெயரைக் காண்பது அரிது. மருந்து உட்கொள்ளாத 81 பெரியவர்களை இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மனவிழிப்புப் பயிற்சி அளித்தார்கள். மற்றக் குழுவைச் சும்மா விட்டுவிடவில்லை. அவர்களுக்கும் அதே போல் வகுப்பு வைத்து, இக்கோளாறு என்ன, அது எப்படி வேலை செய்கிறது, அன்றாட வேலைகளை எப்படி ஒழுங்குபடுத்திக்கொள்வது என்றெல்லாம் முறையாகக் கற்றுக்கொடுத்தார்கள். தியானம் கிடையாது. எட்டு வார முடிவில் இரு குழுவினரும் முன்னேறியிருந்தனர். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோதும் முன்னேற்றம் இருந்தது. ஆனால் இரு குழுக்களுக்கும் இடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் இல்லை.

இந்த முடிவை இரண்டு வகையில் படிக்கலாம். தியானம் தோற்றுவிட்டது என்பது ஒரு வகை. தம் நோயைப் பற்றித் தெளிவாகக் கற்றுக்கொள்வதே அவ்வளவு பெரிய மருத்துவம் என்பது இன்னொரு வகை. நான் இரண்டாவதையே தேர்ந்தெடுப்பேன். எனினும், மூச்சைக் கவனிப்பதில்தான் தனிச்சக்தி இருக்கிறது என்ற உரிமைக் கோரிக்கை, இருக்கும் சான்றுகளைக் கொண்டு நிற்கவில்லை என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஒரு சோதனையை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதலாமா என்று கேட்கலாம். எழுதக் கூடாது. 81 பேர் சிறு எண்ணிக்கையே; சிறு வேறுபாடு ஒன்று இருந்திருந்தால் அது கண்ணில் படாமல் போயிருக்கலாம். ஆனால் நிரூபிக்க வேண்டிய பொறுப்பு, பயன் உண்டு என்று சொல்கிறவரைச் சேர்ந்தது.

இது மனவிழிப்புக்கு மட்டும் நேர்ந்த கதியும் அன்று. உணவுக் கட்டுப்பாடு, கணினிவழி மூளைப் பயிற்சி, மூளை மின்னலையைத் திரையில் காட்டிப் பழக்குவது, நடத்தைப் பயிற்சி என்று ஏ.டி.எச்.டி.க்குச் சொல்லப்பட்ட மருந்தில்லா வழிகளைப் பற்றிய 54 சோதனைகளைச் சேர்த்து ஆராய்ந்த அறிக்கை 2013-இல் வந்தது. குழந்தைக்குச் சிகிச்சை நடப்பதை அறிந்த பெற்றோர் மதிப்பிட்டபோது ஆறு வழிகளுமே பயன் தந்தன. சிகிச்சையை அறியாதிருக்கக் கூடியவர்களின் மதிப்பீட்டை மட்டும் எடுத்தபோது, கொழுப்பு அமிலங்கள் தருவது, செயற்கை உணவு நிறமிகளை நீக்குவது ஆகிய இரண்டு மட்டுமே தப்பின; அவற்றுள் கொழுப்பு அமிலங்களின் பலன் சிறியதே. பெற்றோர் பொய் சொன்னார்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. பிள்ளை தேற வேண்டும் என்று ஏங்குகிறவருக்குத் தேறியது தெரியத்தான் செய்யும். மாத்திரையைப் போலிமாத்திரையாக்கி உறையிலிட்டுக் கொடுக்கலாம். போலித் தியானம் செய்வது எப்படி? தியானம் செய்கிறவருக்குத் தாம் செய்வது தெரியாமல் இருக்காது. அதனால்தான் மதிப்பிடுகிறவரின் கண்ணையாவது கட்ட வேண்டியிருக்கிறது.

வண்ணப் படங்கள்

எட்டு வாரத் தியானத்தால் மூளையின் சில பகுதிகள் தடிக்கின்றன என்ற செய்தியையும் வாசகர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2011-இல் வெளியான அந்த ஆய்வில் பயிற்சி பெற்றவர்கள் 16 பேர். அதற்குப் பிறகு விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தார் 218 பேரை வைத்து மீண்டும் பார்த்து, அத்தகைய மாற்றம் எதுவும் தென்படவில்லை என்று 2022-இல் அறிவித்தார்கள். முதல் செய்தி அச்சான அளவுக்கு இரண்டாவது செய்தி அச்சாகவில்லை. இவை ஏ.டி.எச்.டி. உள்ளவர்களிடம் செய்யப்பட்டவை அல்ல. ஆனால் வகுப்பு நடத்துகிறவர்களின் சுவரொட்டியில் மூளைப் படம் இல்லாமல் இருப்பதில்லை என்பதால் இங்கே சொல்ல நேர்ந்தது.

குழந்தைகளுக்கு?

பள்ளிகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் காலையில் பத்து நிமிடம் மூச்சுப் பயிற்சி வைத்துவிட்டால் கவனக்குறைவு தானே தீரும் என்ற பேச்சும் கேட்கிறது. பிரிட்டனில் 85 பள்ளிகளைக் கொண்டு, 11 வயதுக்கு மேற்பட்ட எட்டாயிரத்துக்கும் அதிகமான மாணவர்களிடம் நடத்தப்பட்ட மாபெரும் சோதனையின் முடிவு 2022-இல் வெளியாயிற்று. மனச்சோர்வு, நடத்தை, மனநலம் ஆகிய முக்கிய அளவுகளில், மனவிழிப்புப் பாடம் பெற்றவர்களுக்கும் பள்ளியின் வழக்கமான பாடங்களைப் பெற்றவர்களுக்கும் வேறுபாடு இல்லை. வீட்டில் செய்யச் சொன்ன பயிற்சியைப் பெரும்பாலான மாணவர்கள் செய்யவே இல்லை என்பதும் தெரியவந்தது. பதின்மூன்று வயதுப் பிள்ளையை அறிந்த எவருக்கும் இதில் வியப்பு இராது. விரும்பிப் பணம் கட்டி வந்த பெரியவருக்குப் பயன்படுவது, மணியடித்ததும் கண்ணை மூடச் சொல்லப்பட்ட சிறுவனுக்கும் பயன்படும் என்று கொள்வதற்கு இடமில்லை.

இதில் எனக்குள்ள அச்சம் பயன் இல்லாமல் போவதைப் பற்றியதன்று. ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளை ஏற்கெனவே "கவனிக்க மாட்டேன் என்கிறான்" என்ற பழியைச் சுமக்கிறான். 'மாட்டேன்' அன்று, 'முடியவில்லை' என்று நிலைநாட்டுவதற்கு ஜார்ஜ் ஸ்டில்லின் காலத்திலிருந்து ஒரு நூற்றாண்டு பிடித்தது. மூச்சைக் கவனித்தால் சரியாகிவிடும் என்று அவனிடம் சொல்லி, அது சரியாகாதபோது, பயிற்சியை ஒழுங்காகச் செய்யவில்லை என்று மறுபடியும் அவன் தலையிலேயே பழி விழும். மாத்திரை பயனளிக்காவிட்டால் மாத்திரையைக் குறை சொல்கிறோம். தியானம் பயனளிக்காவிட்டால் செய்தவரைக் குறை சொல்கிறோம். தோல்வியடையவே முடியாதபடி அமைந்துவிட்ட சிகிச்சையைச் சோதனைக்கு உட்படுத்துவது கடினம்.

நூலாசிரியரின் அடுத்த பதிப்பில் எனக்கு இரண்டு எதிர்பார்ப்புகள் உண்டு. ஒன்று, ஜெர்மனிச் சோதனையை முகவுரையிலேயே சொல்ல வேண்டும். மற்றது, எந்த அறிகுறிக்கு இப்பயிற்சி உதவுகிறது, எதற்கு உதவவில்லை என்று பிரித்துக் காட்ட வேண்டும். சாவியைத் தொலைப்பதும் சட்டென்று கோபம் வருவதும் ஒரே நோயின் அறிகுறிகளாக இருக்கலாம். ஒரே பயிற்சி இரண்டையும் ஒரே அளவில் மாற்றும் என்று எதிர்பார்க்க முடியாது.

அதுவரை, இப்பயிற்சியில் நாட்டமுள்ள பெரியவர் அதைத் தாராளமாகச் செய்யலாம். நாளைக்கு ஐந்து நிமிடம், நடந்துகொண்டே செய்தாலும் சரி. மருந்து உட்கொள்கிறவர், அதைக் குறைப்பதையோ நிறுத்துவதையோ தம் மருத்துவரைக் கேட்காமல் செய்யக் கூடாது. நெதர்லாந்துச் சோதனையிலும் பயிற்சி வழக்கமான சிகிச்சைக்கு மேலாகவே தரப்பட்டது. அதற்குப் பதிலாக அன்று. மூச்சைக் கவனிக்க உட்கார்ந்தாலே எரிச்சல் வருகிறவர்கள் வேறு வழியைத் தேடலாம்: தம் கோளாற்றைப் பற்றி நம்பத்தக்க நூல்களில் படிப்பது, பெரிய வேலையைத் துண்டு துண்டாக்கி எழுதிவைப்பது, சாவிக்கும் பணப்பைக்கும் ஒரே இடத்தை ஒதுக்குவது போன்றவை. தியானம் செய்யாத அந்த ஜெர்மானியக் குழுவும் ஏறத்தாழ இத்தகைய பாடங்களைத்தான் படித்தது.